வியாழக்கிழமைப் படம்

ஆத்தத் தாண்டுற வல்லம் இப்பத்தான் அக்கரைக்குப் போயிருக்கு மேடம். திரும்பி வரக் கொஞ்சம் நேரமாகும். இப்படி இந்தக் குழாய் மேல உக்காருங்க. பாலத்துக்கு அடியில போட்டிருந்த சிமெண்டுக் குழாய்தான், மழையில நல்லாக் கழுவிக் கெடக்கு. நெழலாப் பாத்து உக்காருங்கன்னு சொல்லத்தான் வாய் வருது. நெழலுக்கு மரம் எங்க போறது. புயலுக்கு முன்னாடி வந்திருந்தீங்கன்னா இந்த எடத்துல நின்னா வானமே தெரியாது. அவ்வளவு தென்னை.

கையில டேப்லட்டப் பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு நீங்க எந்த வேலையா வந்திருக்கீங்கன்னு. சேட்டிலைட் படத்துல பாத்ததை நேர்ல சரிபாக்க வந்திருக்கீங்க. அப்படித்தானே? வேற யாராவது இருந்தா, அதான் மேலேருந்து படம் எடுத்தாச்சே, அப்பறம் எதுக்கு வெயில்ல வந்து அலையணும்னு கேப்பாங்க. நான் கேக்க மாட்டேன். நானும் ஒரு வகையில உங்க ஆளுதான்.

எம் பேரு அம்பிகாபதி. மெயின் ரோட்டு முக்கத்துல செல்போன் கடை. ரீசார்ஜ் பண்றது, கண்ணாடி ஒட்டுறது, கவர் விக்கிறது. வீடு கோரைத்திட்டுல, நீங்க போகப்போற ஊருதான். ஊருன்னா என்ன, மூணு பக்கம் உப்பாத்துத் தண்ணி, ஒரு பக்கம் உப்பளம், நடுவுல கொஞ்சம் மேடு, அம்புட்டுதான். ஆம்பள பொம்பள எல்லாரும் உப்பளத்து வேலைக்குப் போறவங்க. அதுல நான் ஒருத்தன்தான் வானத்தைப் பாத்துக்கிட்டுக் கெடந்தவன்.

சிரிக்காதீங்க. 'புயல் பார்வை'ன்னு ஒரு வாட்ஸ்அப் குரூப் நடத்துறேன். இந்தப் பக்கத்து அளத்துக்காரங்க, மீன் ஏலம் எடுக்குறவங்க எல்லாரும் அதுல இருக்காங்க. அளத்துக்காரங்களுக்கு மழை முன்னாடியே தெரியணும் இல்லையா, வாரி வச்ச உப்பு கரைஞ்சிடுமே. மேல ஒரே எடத்துல நின்னுக்கிட்டு அரை மணிக்கு ஒரு படம் அனுப்புற சேட்டிலைட் இருக்கு பாருங்க, அந்தப் படத்தை எடுத்துப் போடுவேன். மேகம் எங்க திரளுது, எங்க கலையுது, செவப்பா இருந்தா என்ன, கறுப்பா இருந்தா என்ன, நடுவுல கண்ணு தொறந்தா என்ன அர்த்தம், எல்லாம் நானாக் கத்துக்கிட்டது. யாரும் சொல்லிக் கொடுக்கலை. என் பொண்டாட்டி தனக்கொடி சொல்லுவா, இவரு சோறு தட்டுல இருக்கும், இவரு வங்கக் கடல்ல இருப்பாருன்னு. கேலியாத்தான் சொல்லுவா. அப்பல்லாம் கேலி பண்ணுவா.

என் மாமனார் ஒருத்தர்தான் கேலி பண்ணாம உக்காந்து பாப்பாரு. சிங்காரவேலுன்னு பேரு. எங்களுக்குப் புள்ளைங்க இல்லை மேடம். அவரத்தான் புள்ளை மாதிரி வச்சிருந்தோம். அவருக்கு இழுப்பு. உப்பளத்துல முப்பது நாப்பது வருசம் நின்னவரு, காலெல்லாம் வெடிச்சு, நெஞ்சுல எப்பவும் ஒரு சத்தம். சாயங்காலம் என் பக்கத்துல வந்து உக்காந்துக்கிட்டு, "மாப்ள, இதுல நாம எங்க இருக்கோம்?"னு கேப்பாரு. நான் காமிப்பேன். தெனமும் கேப்பாரு. தெனமும் காமிப்பேன். வாத்தியாருகிட்ட புள்ள கேக்குற மாதிரி கேப்பாரு, மனுசன் எழுபது வயசுல.

சரி, புயலுக்கு வர்றேன்.

அந்தமான் பக்கம் சும்மா ஒரு திட்டு மேகமா இருந்தப்பவே நான் பிடிச்சுட்டேன். டிவியில கடலூருக்கும் பாம்பனுக்கும் நடுவுல கரையக் கடக்கும்னு சொன்னாங்க. கடலூருக்கும் பாம்பனுக்கும் நடுவுல எத்தன ஊரு இருக்கு? யாரு பயப்படுவா? எங்க ஊர்ல ஒருத்தனும் பயப்படலை. நான் படத்தைப் பாத்துக்கிட்டே இருந்தேன். மத்தியானம் கண்ணு தெளிவாத் தொறந்துச்சு. நகர்ற தெசையப் பாத்தா நேரா எங்க நெத்திக்கு வருது. வீடு வீடாப் போனேன் மேடம். கூரை வீட்டுல ஒருத்தரும் இருக்கக் கூடாது, எல்லாரும் பள்ளிக்கூடத்துக்கு வாங்கன்னு கால்ல விழாத குறையாச் சொன்னேன். திட்டுனாங்க. சோறு பொங்கி வச்சுட்டோம்னாங்க. ஆடு இருக்கு, கோழி இருக்குன்னாங்க. தனக்கொடியும் என் கூட வந்து பொம்பளைங்களக் கெளப்புனா. அதையும் சொல்லணும். கடைசியில எல்லாரும் வந்துட்டாங்க.

காத்து எப்படி இருந்துச்சுன்னு கேக்காதீங்க. அதச் சொல்ல எனக்கு வராது. விடிஞ்சு வெளிய வந்து பாத்தா ஊர்ல ஒரு வீடு நிக்கலை. ஆனா ஒரு உசுரு போகலை. எண்ணிப் பாத்தோம், எல்லாரும் இருந்தோம். கெழவிங்க எல்லாம் என் கையைப் புடிச்சுக்கிட்டு அழுதாங்க. "அம்பி சொல்லலேன்னா இந்நேரம் நம்மள அள்ளிக் கொட்டியிருப்பாங்க"ன்னு சொன்னாங்க. இப்பப் போய்க் கேளுங்க, அதச் சொல்றாங்களான்னு பாருங்க. சொல்ல மாட்டாங்க.

பள்ளிக்கூடம் பள்ளத்துல இருக்கு. காத்து நின்னதும் கடத்தண்ணி ஏறி முட்டி வரைக்கும் வந்துடுச்சு. மேடுன்னு ஊருக்குள்ள இருக்குறது அய்யனார் கோயில் திடல் ஒண்ணுதான். எல்லாரும் அங்க ஏறுனோம். உப்பு அம்பாரத்து மேல போடுற தார்ப்பாய் இருக்குமில்ல, ஒரு பக்கம் நீலம், ஒரு பக்கம் வெள்ளை, அதெல்லாம் காத்துல பறந்து வேலியில மாட்டிக் கெடந்துச்சு. கெடச்சத எல்லாம் இழுத்துட்டு வந்து, விழுந்த தென்னையில கால் நட்டு, ஒரே நீளமாக் கொட்டகை மாதிரி போட்டோம். சின்னப் புள்ளைங்க, வயசானவங்க, முடியாதவங்க எல்லாம் அதுக்குள்ள. மத்தவங்க வெளிய.

பாலம் போச்சு. இதோ நாம உக்காந்திருக்கோமே, இதுதான். கட்டியிருந்த வல்லம் எல்லாம் ஒடைஞ்சு கெடந்துச்சு. உப்பாறு கடலாட்டம் ஓடுது, உப்பளமும் தண்ணிக்குள்ள. கரண்டு இல்லை, டவர் இல்லை. கெணத்துத் தண்ணி உப்பு. விழுந்த தென்னையில இளநி இருந்துச்சோ நாங்க பொழச்சோமோ. நனைஞ்ச அரிசியக் காய வச்சுக் காய வச்சுப் பொங்கினோம். புள்ளைங்களுக்கு வயித்தால போக ஆரம்பிச்சுது. மாமாவுக்கு வாயில வச்சு அடிக்கிற மருந்து தீர்ந்துபோச்சு. அவரு குந்தின மேனிக்கே இருப்பாரு. படுத்தா மூச்சு நிக்கும்.

யாரும் வரலை மேடம். தூரத்துல ரோட்டுல வண்டி போற சத்தம் கேக்கும். ஒரு தடவை ஹெலிகாப்டர் போச்சு, நாங்க கத்துனோம். அது பாட்டுக்குப் போயிடுச்சு. மத்த ஊருக்கெல்லாம் வந்துட்டாங்க, எங்களுக்கு மட்டும் வரலை. ஏன் வரலைங்கறது ரெண்டு மூணு நாளா எங்களுக்குப் புரியலை. எங்கள வேணும்னே விட்டுட்டாங்கன்னு ஆளுக்கு ஆள் பேசுனாங்க. சண்டை வந்துச்சு.

நான் என்ன பண்ணேன்னா, கவுந்து கெடந்த டிராக்டர்லேருந்து பேட்டரியக் கழட்டி என் போனுக்குச் சார்ஜ் ஏத்துனேன். வடக்கால மதகு மேல ஏறி நின்னா எங்கேயோ தூரத்து டவர் ஒரு கோடு வரும், போயிடும். காலையிலேருந்து நின்னு மதியழகனுக்குப் போட்டுக்கிட்டே இருந்தேன். மதியழகன் தனக்கொடியோட சித்தி மகன், எனக்கு மச்சான். மெட்ராஸ்ல சேட்டிலைட் படத்தை வச்சு மேப் போடுற ஒரு எடத்துல வேலை பாக்குறான். உங்க ஆபீஸா என்னன்னு எனக்குத் தெரியாது. கெடச்சுட்டான்.

"மச்சான், உசுரோட இருக்கீங்களா"ன்னு அழுதான். நான் அழறதுக்கு நேரமில்லை, ஏன்டா எங்களுக்கு மட்டும் யாரும் வரலைன்னு கேட்டேன். அவன் சொன்னான். மீட்புக்கு வந்திருக்குற ஆளுங்க எல்லாம் வெளி மாவட்டத்துக்காரங்க. அவங்களுக்கு மேப்தான் ஊரு. அந்த மேப்ல கோரைத்திட்டு இல்லை. ஏன் இல்லைன்னா, புயலுக்கு முந்தி எடுத்த படத்துல வெறும் தென்னந்தோப்புதான் தெரியுது, வீடெல்லாம் மரத்துக்குக் கீழ. புயலுக்கப்பறம் எடுத்தது மேகத்துக்குள்ள ஊடுருவிப் பாக்குற படமாம், அதுல தண்ணி இருக்குற எடமெல்லாம் கறுப்பு. நாங்க கறுப்புல இருக்கோம். முந்தியும் ஆள் இல்லை, இப்பவும் ஆள் இல்லை.

யோசிச்சுப் பாருங்க. நான் எத்தன வருசமா அந்தப் படத்தப் பாத்துக்கிட்டு இருக்கேன். அது எங்களப் பாக்கவே இல்லை.

"அடுத்த படம் எப்படா?"ன்னு கேட்டேன். வியாழக்கிழமை காலைல பத்தரை மணி வாக்குல ஒண்ணு உங்க மேல போகும் மச்சான்னு சொன்னான். அதுல நாங்க தெரியறதுக்கு என்ன பண்ணணும்னு கேட்டேன். பெருசா, வெள்ளையா, திறந்த வெளியில எதாவது இருந்தா தெரியலாம்னான். எவ்வளவு பெருசுன்னு கேட்டேன். ஆளு, கட்டிலெல்லாம் தெரியாது, ஒரு கிரிக்கெட் மைதானம் அளவுக்கு இருந்தா நல்லதுன்னான். அப்பறம் "ஆனா மச்சான், மேகம்..."னு என்னமோ சொல்ல வந்தான். கோடு போயிடுச்சு. திரும்பக் கெடைக்கலை.

மேகத்தப் பத்தி எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லைன்னு அப்ப நெனச்சுக்கிட்டேன்.

திடலுக்கு வந்து எல்லாரையும் கூப்பிட்டு விசயத்தச் சொன்னேன். வெள்ளையா எது இருந்தாலும் கொண்டாங்க, கோயிலுக்கு முன்னாடி மைதானம் பூரா விரிக்கணும்னு. வேட்டி கொண்டாந்தாங்க, கோயில் துணி கொண்டாந்தாங்க, உரச்சாக்கப் பிரிச்சுக் கொண்டாந்தாங்க. பத்தலை. பத்தாதுன்னு எனக்குத் தெரியும். தார்ப்பாய் வேணும். ஒரு மணி நேரம் கொட்டகையப் பிரிச்சு, வெள்ளைப் பக்கம் மேல இருக்குற மாதிரி விரிச்சுட்டு, திரும்ப எடுத்துக் கட்டிக்கலாம்னு சொன்னேன். புயலுக்கு நான் சொன்னது பலிச்சுதில்லையா. அதனால யாரும் எதுத்துப் பேசலை.

தனக்கொடி பேசுனா.

"அந்தப் படம் மேகத்தப் பாக்குறதுன்னு நீங்கதான சொல்லுவீங்க. மேகம் வந்துட்டா அதுக்குக் கீழ இருக்குற நம்மள அது எப்படிப் பாக்கும்?"

அது வேற சேட்டிலைட்டு, இது வேற சேட்டிலைட்டுன்னு சொன்னேன். நெசம்தானே மேடம்? அது வேற, இது வேறதானே?

"எந்தச் சேட்டிலைட்டா இருந்தா என்ன. நானும் ராஜாமணி அக்காவும் வாழை மரத்தக் கட்டித் தெப்பம் போட்டு அக்கரைக்குப் போறோம். ரோட்டுல வர்ற வண்டிய மறிச்சுச் சொல்றோம்"னா.

எனக்குக் கோவம் வந்துச்சு. வராதா? தண்ணி அப்படி ஓடுது. அப்படியே போய்ச் சேந்தாலும், ரெண்டு பொம்பளைங்க ரோட்டுல நின்னு எங்க ஊரு அங்க இருக்குன்னு கையக் காமிச்சா, மேப் வச்சிருக்குறவன் நம்புவானா? மேப்ல வந்தாத்தான்டி ஊரு. மேப்ல இல்லாத ஊருக்கு வண்டி வராது. இதத்தான் சொன்னேன். எல்லாரு முன்னாடியும் கொஞ்சம் சத்தமாச் சொல்லிட்டேன்.

வியாழக்கிழமை காலைல பாருங்க, வெயில் அடிச்சுச்சு. புயலுக்கப்பறம் மொத வெயில். எனக்கு மனசு அப்படிக் குளுந்துபோச்சு. கொட்டகையப் பிரிச்சோம். மாமா மேல இருந்த தார்ப்பாயை மட்டும் விட்டுடலாம்னுதான் இருந்தேன். நெசமா விட்டுடலாம்னுதான் இருந்தேன். ஆனா அதுதான் இருக்குறதுலயே பெருசு. நான் அதையே பாத்துக்கிட்டு நின்னேன் போல. அவரே சொன்னாரு, "எடுத்துக்கிட்டுப் போங்க மாப்ள, வெயில்தானே அடிக்குது. எனக்கும் இதமா இருக்கும்"னு. அவரேதான் சொன்னாரு. நான் கேக்கலை. பக்கத்துல ஆளுங்க இருந்தாங்க, யாரை வேணும்னாலும் கேளுங்க.

தனக்கொடி அங்க வந்தா. அப்பா பக்கத்துல கொஞ்ச நேரம் உக்காந்திருந்தா. எந்திரிச்சு, "அப்பாவப் பாத்துக்குங்க"ன்னு சொல்லிட்டுப் போனா. எங்க போறான்னு நான் கேக்கலை. வேட்டி, புடவை எடுத்தாரப் போறான்னு நெனச்சேன். என் கவனம் பூரா மைதானத்துல.

விரிச்சோம் மேடம். மைதானம் பூரா விரிச்சோம். மதகு மேல ஏறி நின்னு பாத்தேன். சேத்துக்கு நடுவுல அவ்வளவு பெரிய வெள்ளை. ஒரு கூறு கெட்டவன் பாத்தாக் கூட அங்க மனுசங்க இருக்காங்கன்னு சொல்லிடுவான். எனக்கு அழுகை வந்துடுச்சு. எல்லாரையும் ஓரத்துல நிக்க வச்சு, காத்துல பறக்காம முனையப் புடிச்சுக்கச் சொன்னேன். புள்ளைங்க எல்லாம் மேல பாத்துக் கையாட்டுனாங்க.

பத்து மணி சுமாருக்குக் கெழக்கால கறுத்துச்சு.

கறுத்துச்சுன்னாலும் அது தாண்டிப் போயிடும்னுதான் எனக்குப் பட்டுது. அனுபவத்துல சொல்றேன், பாதி மேகம் அப்படித்தான் போகும். வெயில் மறைஞ்சுது. காத்து கொஞ்சம் எழும்புச்சு. யாரோ ஒருத்தர், "அம்பி, எடுத்துக் கட்டிடலாமா"ன்னாங்க. இன்னும் நேரம் இருக்குன்னேன். தூறல் விழுந்துச்சு. இன்னும் கொஞ்சம் நேரம், இப்ப வந்துடும், இப்பப் புடிச்சுக்கிட்டு நிக்கலைன்னா அடுத்தது எப்பன்னு தெரியாதுன்னு சொன்னேன். அப்பறம் மழை புடிச்சுக்கிச்சு. சின்ன மழை இல்லை. அப்பவும் எல்லாரும் நின்னாங்க. நான் சொன்னதுக்காக நின்னாங்க. முனையப் புடிச்சுக்கிட்டு, கண்ணத் தொறக்க முடியாம, ஊரே நின்னுச்சு. பத்தரை தாண்டுற வரைக்கும் நான் ஒருத்தரையும் விடலை. எப்படி விடுறது? அந்த நிமிசத்துக்காகத்தானே அத்தனையும். நீங்களா இருந்தா விட்டிருப்பீங்களா?

காத்து ஒரே தூக்காத் தூக்குச்சு. பாதித் தார்ப்பாய் கையவிட்டுப் போய் உப்பாத்துல விழுந்துச்சு. வேட்டியெல்லாம் சேத்துல. ஓடிப் புடிச்சோம், முடிஞ்சதப் புடிச்சோம்.

அப்பறம்தான் மாமா நெனப்பு வந்துச்சு.

அவரு வச்ச எடத்துலயே குந்திக்கிட்டு இருந்தாரு. மழை மேலேயே அடிக்குது. தலையில ஒரு துண்டு மட்டும். உதடு நீலம் பூத்துப்போயிருந்துச்சு. பக்கத்துல ரெண்டு கெழவிங்க, அவங்களும் நனைஞ்சுக்கிட்டு, அவரு முதுகத் தேச்சுவிட்டுக்கிட்டு இருந்தாங்க. "தனக்கொடி எங்க?"ன்னு அவங்களக் கேட்டேன். "அது காலைலயே ராஜாமணியோட தெப்பத்துல போயிடுச்சேப்பா, உனக்குத் தெரியாதா"ன்னாங்க. எனக்கு எப்படித் தெரியும்? என்கிட்ட யாரு சொன்னா?

மாமா என்னப் பாத்து, "படம் புடிச்சுட்டாங்களா மாப்ள?"ன்னு கேட்டாரு. புடிச்சுட்டாங்க மாமான்னு சொன்னேன். தலைய ஆட்டிக்கிட்டாரு.

மிச்சம் இருந்ததுல ஒரு கூரை மாதிரி கட்டி அவர உள்ள வச்சோம். காஞ்ச துணி ஊருலயே இல்லை. எல்லாத்தையும் மைதானத்துல விரிச்சுட்டோமே. என் ஒடம்போட அணைச்சுக்கிட்டு ராத்திரி பூரா உக்காந்திருந்தேன். அந்த நெஞ்சுச் சத்தம் எனக்குள்ளயும் கேட்டுச்சு. பொழுது விடிஞ்சு கொஞ்ச நேரத்துல அது நின்னுபோச்சு. ரெண்டு படகு வர்றது எங்களுக்குத் தெரியுது, தீயணைப்புக்காரங்க படகு, செவப்பா. மாமா, படகு வந்துடுச்சு பாருங்கன்னு நான் சொல்லிக்கிட்டே இருக்கேன். பக்கத்துல இருந்தவங்க என் கையப் பிரிச்சு எடுத்தாங்க.

மொதப் படகுல தனக்கொடி இருந்தா. டாக்டர் ஒருத்தரும் ஆபீசரு ஒருத்தரும் இருந்தாங்க.

இப்ப ஊர்ல என்ன சொல்றாங்க தெரியுமா? தனக்கொடி போய்க் கூட்டியாந்தா, ஊரு பொழச்சுதுன்னு சொல்றாங்க. அவ ரோட்டுக்கு நடுவுல போய் உக்காந்தாளாம். ஒரு வண்டியையும் விடலையாம். அந்த ஆபீசரு, அங்க ஊரே கெடையாதும்மான்னாராம். அப்ப நான் எங்கேருந்து வந்தேன்னு கேட்டாளாம். ராஜாமணி அக்கா இந்தக் கதைய வாய் ஓயாமச் சொல்லும். நீங்க போனா உங்களுக்கும் சொல்லும்.

அவ போனத நான் இல்லைன்னு சொல்லலை மேடம். போனா. துணிஞ்சவதான். ஆனா ஒரு பொம்பள சொன்னான்னு ரெண்டு படகும் டாக்டரும் வருமா? நானே கண்ணால பாத்தேன். அந்த ஆபீசரு கையில மேப் இருந்துச்சு. அதுல எங்க திட்டு இருக்குற எடத்துல வட்டம் போட்டிருந்துச்சு. பேனாவால போட்டிருந்துச்சு, அது பரவாயில்லை, அவசரத்துல பேனாவாலதான் போடுவாங்க. வட்டம் எப்படி வந்துச்சு? வியாழக்கிழமை படத்துல நாங்க தெரிஞ்சிருக்கோம். மெட்ராஸ்லேருந்து சொல்லியிருக்காங்க. ரெண்டும் ஒரே நேரத்துல நடந்திருக்கு, அதனால ஊரு ஒண்ணத்தான் பேசுது. நான் சொல்றது நியாயமா இல்லையா?

தனக்கொடி ஒண்ணும் சொல்ல மாட்டேங்குறா. அதுதான் மேடம் என்னால முடியலை. திட்டலாம். எங்கப்பனக் கொன்னுட்டியேன்னு கேக்கலாம். மண்ண வாரித் தூத்தலாம். சோறு போடுறா, தண்ணி வைக்கிறா, துணி தொவைக்கிறா. ஒரு வார்த்தை கெடையாது. நானா ஆரம்பிச்சாலும் எந்திரிச்சுப் போயிடுறா. முன்னல்லாம் கேலியாவது பண்ணுவா. குரூப்ல நான் ஒண்ணும் போடுறதில்லை இப்ப. யாரும் கேக்குறதும் இல்லை. போன வாரம் கடல்ல ஒண்ணு உருவாச்சு, அளத்துக்காரங்க வேற எங்கேயோ கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டாங்க.

மதியழகன்கிட்ட அந்தப் படத்த அனுப்புடான்னு எத்தனையோ தடவை கேட்டுட்டேன். பாக்குறேன் மச்சான்னான். அப்பறம் போனே எடுக்க மாட்டேங்குறான். அவனுக்கும் அவரு பெரியப்பாதானே. என் மேல வருத்தமா இருக்கும்.

அதான் மேடம் உங்களக் கேக்கலாம்னு. வந்து நின்னதுலேருந்து இதத்தான் கேக்க நெனச்சேன், சுத்தி வளைச்சு எங்கெங்கேயோ போயிட்டேன். உங்ககிட்ட எல்லாத் தேதிப் படமும் இருக்குமில்ல. அந்த வியாழக்கிழமை படம் ஒண்ணக் காமிங்க. எனக்கு வேற எதுவும் வேண்டாம். அவகிட்ட கொண்டுபோய்க் காமிக்கணும். இதோ பாரு, அந்த வெள்ளை, அது உங்கப்பா மேல இருந்து எடுத்தது, அது வீணாப் போகலைன்னு ஒரு தடவை சொல்லிட்டா எனக்குப் போதும்.

இருக்கா? காமிக்கிறீங்களா? இருங்க, வெயில் படுது, நான் கையால மறைச்சுக்கறேன்.

இது எந்தப் பக்கம் மேடம்? வடக்கு மேலயா? ஒண்ணுமே தெரியலையே. முழுக்க... இது எங்க எடந்தானா? வேற எங்கேயாவது காமிக்கிறீங்களா? கொஞ்சம் பெருசாக்குங்க. இன்னும் கொஞ்சம். இன்னும் ஆகாதா.

சரி. மேகந்தான். தெரியுது. மேகம் எனக்குத் தெரியாதா.

எத்தன மணிக்கு எடுத்ததுன்னு போட்டிருக்கா? பத்து முப்பத்திரெண்டு. பாத்தீங்களா, நேரம் நான் சரியாத்தான் சொன்னேன். பத்தரைன்னு சொன்னேனா இல்லையா. நேரத்துல தப்பு இல்லை.

அன்னிக்கு வேற ஒண்ணும் மேல போகலையா? அந்த ஊடுருவிப் பாக்குறது? இல்லையா. அடுத்தது எப்ப? அதுக்குள்ள நாங்க எல்லாத்தையும் எடுத்துட்டோமே. எடுத்துட்டோம். ஆமா.

போதும் மேடம், மூடிடுங்க. சார்ஜ் போயிடும்.

அதோ வல்லம் வந்துடுச்சு. கழி ஊன்றித் தள்ளிக்கிட்டு வர்றா பாருங்க, அவதான் தனக்கொடி. பாலம் கட்டுற வரைக்கும் ஊருக்கு வல்லம் கொடுத்திருக்காங்க, பொம்பளைங்க முறை வச்சுத் தள்ளுறாங்க. பாத்து ஏறுங்க, மொத அடி வழுக்கும். நான் வரலை. நான் இங்கயே இருக்கேன், கடைக்குப் போகணும்.

மேடம், ஒரு நிமிசம். அவ ஒண்ணும் கேக்க மாட்டா. இதுவரைக்கும் அவ அதப் பத்தி யாருகிட்டயும் கேட்டதில்லை. ஒருவேளை, ஒருவேளை நடு ஆத்துல போறப்ப உங்ககிட்ட கேட்டான்னா, அந்தப் படம் இன்னும் வரலைன்னு சொல்லிடுங்க. பொய் சொல்றதா நெனைக்காதீங்க. எங்கேயோ தாமசம், வரும்னு மட்டும் சொல்லுங்க.